க்ராப்பி பிடிக்கப் போகிறீர்களா? படகுத்துறைப் பக்கம் தண்ணீரில் இறங்காதீர்கள்

போன வாரம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், லேனியர் ஏரிக்கரையில் ஒரு வாடகை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். "படகுத்துறையில் லேசாக ஷாக் அடிக்கிறது, வந்து பாருங்கள்" என்றார்கள். ஏரி விஷயத்தில் 'லேசாக' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்குகிறது. படகுத்துறை ஒயரிங் சோதிப்பதுதான் என் வேலை. இந்தக் கோடையில் இப்படி வந்த அழைப்பு இது மூன்றாவது.

வார இறுதிக்கு வந்து தங்கிய நம் தமிழ்க் குடும்பம். இருட்டுகிற நேரம். தண்ணீருக்குள் தொங்கும் பச்சை விளக்கைச் சுற்றி க்ராப்பி என்ற ஏரி மீன் கூடியிருக்கிறது. ஒன்பது வயதுப் பையன் போட்ட ஜிக், அதாவது எடை வைத்த தூண்டில் முள், அந்த விளக்கின் ஒயரில் போய்ச் சிக்கிக்கொண்டது. எடுத்துத் தருகிறேன் என்று அப்பா அலுமினிய ஏணியில் இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீர் வந்ததும் இரண்டு காலும் மரத்துப்போனது. கெண்டைக்கால் இழுக்கிறது என்று நினைத்திருக்கிறார். அப்புறம் ஏணியைப் பிடித்த கையை விட முடியவில்லை, கத்தவும் குரல் வரவில்லை. அந்த நேரம் பார்த்து மேலே அவருடைய மச்சான், ஸ்பீக்கரைச் செருக இடமில்லாமல் விளக்கின் பிளக்கைப் பிடுங்கினார். அந்த அப்பா இன்று உயிரோடு இருப்பதற்கு அது ஒன்றுதான் காரணம்.

நானும் க்ராப்பி பிடிக்கிறவன்தான். வசந்தத்தில் முட்டையிடக் கரையோரம் வரும் மீன், வெயில் ஏறியதும் படகுத்துறை நிழலுக்குள் போய்விடும். மரக்கிளைகளைக் கட்டி அடியில் போட்டு வைத்திருந்தால் இன்னும் நிற்கும். ராத்திரியில் பச்சை விளக்குக்கு நுண்ணுயிர்கள் வரும், அவற்றைத் தேடிப் பொடிமீன் வரும், பொடிமீனைத் தேடி க்ராப்பி வரும். துறை மேல் உட்கார்ந்து உங்களுக்கு அனுமதித்த 30 மீனையும் பிடியுங்கள், சந்தோஷம். தண்ணீருக்குள் கால் வைக்காதீர்கள் என்பதுதான் என் கெஞ்சல்.

போகிற இடமெல்லாம் ஒரு பேச்சு காதில் விழுகிறது: "கடல் தண்ணீரில்தான் சார் கரண்ட் பாயும், இது நல்ல தண்ணீர், ஒன்றும் ஆகாது." படித்தவர்களே சொல்கிறார்கள். உண்மை நேர் எதிர். சுலபமான வழியில்தான் கரண்ட் அதிகம் பாயும். கடல் நீர் உங்கள் உடம்பைவிட நன்றாகக் கரண்டைக் கடத்துகிறது. அதனால் பெரும்பகுதி உங்களைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஏரி நீர் அப்படியில்லை, அது மோசமான கடத்தி. அதில் மிதக்கிற நீங்களோ உள்ளே உப்பும் ரத்தமுமாக இருக்கிறீர்கள். கசிந்த கரண்டுக்கு அங்கே கிடைக்கிற நல்ல கம்பி உங்கள் உடம்புதான். தண்ணீர் எவ்வளவு நல்ல தண்ணீரோ, உங்களுக்கு அவ்வளவு கெட்டது. ஏரிகளிலும் ஆறுகளிலும் இப்படிச் சாவு நடக்கக் காரணமே இதுதான். உங்களிடம் யாராவது அந்த வாக்கியத்தைச் சொன்னால், தயவுசெய்து அந்த இடத்திலேயே மறுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று: "கரண்ட் இருந்தால் மீன் செத்திருக்குமே?" பத்து அங்குல மீன் உடம்புக்குக் குறுக்கே விழும் வோல்ட் கொஞ்சம்தான். ஆறடி ஆள் கையைக் காலை நீட்டி நீந்தும்போது விழுவது பல மடங்கு. ஓர் அடி தூரத்துக்கு 2 வோல்ட் வித்தியாசம் இருந்தாலே ஆளைக் கொல்லும் என்று எங்கள் தொழிலில் கணக்கு. க்ராப்பி அங்கே வாலாட்டிக்கொண்டு நிற்கும்.

"பிரேக்கர் விழுந்துவிடும்" என்பவர்களுக்கு: 20 ஆம்பியர் பிரேக்கர் என்றால் 20,000 மில்லி ஆம்பியரைத் தாண்டினால்தான் விழும். உங்கள் தசை சொன்னபடி கேட்காமல் போக 10 மில்லி ஆம்பியர் போதும், இதயம் தாறுமாறாகத் துடிக்க 100 போதும். 15 வாட் பல்பு எரியவே 125 வேண்டும். பிரேக்கர் ஒயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. உங்களைக் காப்பாற்றுவது ஜிஎஃப்சிஐ, ஊரில் ஈஎல்சிபி என்போமே அந்த வகை. சாதாரண பிளக்கில் இருப்பது 5 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அணைத்துவிடும்.

அந்த வீட்டில் அது இல்லை. இருந்திருக்கிறது, "அடிக்கடி ட்ரிப் ஆகிறது" என்று கழற்றிவிட்டு சாதாரண பிளக் வைத்திருக்கிறார்கள். அது ட்ரிப் ஆனதே கசிவு இருப்பதைச் சொல்லத்தான். விளக்கின் ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இரும்புச் சட்டத்தோடு ஜிப் டை போட்டு இறுக்கிய இடத்தில், அலை ஆட்டி ஆட்டி மேலுறை தேய்ந்து, உள்ளே செம்பு பச்சை பூத்துத் தெரிந்தது. நீட்டிப்பு ஒயரோடு சேர்த்த மூட்டில் கறுப்பு டேப். எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்தே போயிருந்தது. எல்லாக் கம்பிகளையும் சேர்த்து கிளாம்ப் மீட்டரில் பிடித்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். 380 மில்லி ஆம்பியர் காட்டியது, அவ்வளவும் கசிவு.

மதியம் முழுக்கக் குழந்தைகள் அங்கேதான் குதித்து விளையாடியிருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. விளக்கு இருட்டினால் தானாக எரியும் வகை. வெளிச்சத்தில் கரண்டே இல்லை. "நேற்று இறங்கினோமே", "மீட்டரை விட்டுப் பார்த்தோமே" என்பதெல்லாம் அதனால்தான் பேச்சே இல்லை. விளக்கு எரிகிற நிமிடத்தில், பக்கத்துத் துறையில் யாரோ படகு லிஃப்ட் சுவிட்சைத் தட்டுகிற நிமிடத்தில், சார்ஜரில் போட்ட படகு ஒன்று வந்து கட்டுகிற நிமிடத்தில் கதை மாறிவிடும்.

2012 ஜூலை 4. அந்த ஒரே நாளில் தண்ணீரில் ஷாக் அடித்துப் பறிபோனவர்கள்: டென்னசியின் செரோக்கி ஏரியில் 10, 11 வயதுப் பையன்கள் இருவர். மிசௌரியின் ஓசார்க்ஸ் ஏரியில் 13 வயது அக்காவும் 8 வயதுத் தம்பியும். அதன் பிறகுதான் டென்னசி படகுத்துறைகளுக்கென்று சட்டமே போட்டது. தண்ணீரில் ஷாக் அடித்து இறந்தவர் உடம்பில் பெரும்பாலும் தீக்காயமே இருக்காது. மூழ்கிச் செத்தார் என்று எழுதி முடித்துவிடுவார்கள். எத்தனை பேர் அப்படிப் போனார்களோ என்று நினைக்கும்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை.

சரி, செய்ய வேண்டியது. மின்சாரம் உள்ள எந்தத் துறையின் பக்கத்திலும் நீந்தாதீர்கள், குழந்தையை இறக்கவே இறக்காதீர்கள். போனதும் கரையில் மெயின் சுவிட்ச் எங்கே என்று கேட்டு, எல்லோருக்கும் காட்டி வையுங்கள். சொந்தத் துறை என்றால் வருடம் ஒருமுறை லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிட்டுச் சோதியுங்கள், ஜிஎஃப்சிஐயின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். வீட்டு நீட்டிப்பு ஒயரைத் துறைக்குக் கொண்டுபோகவே கூடாது.

தண்ணீரில் இருக்கும்போது ஜிவ்வென்று ஏதாவது உணர்ந்தால் ஏணியைத் தொடாதீர்கள். துறையை விட்டு விலகி, வந்த வழியே திரும்பிக் கரைக்கு நீந்துங்கள், மேலே இருப்பவர்களைக் கரண்டை அணைக்கச் சொல்லிக் கத்துங்கள். பார்த்துக்கொண்டிருப்பவர் குதிக்கக் கூடாது. பதறிக் குதித்து இரண்டாவது ஆளும் போவது அடிக்கடி நடக்கிறது. முதலில் மெயினை அணையுங்கள், மிதவையோ கயிறோ எறியுங்கள், 911க்குச் சொல்லுங்கள். வெளியே எடுத்ததும் மூச்சில்லையென்றால் உடனே சிபிஆர், அதாவது மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி, வாயில் மூச்சு ஊதுவதையும் சேர்த்து. நிறையப் பேர் அதில் பிழைத்திருக்கிறார்கள், தாமதிக்காதீர்கள்.

ஜிக் ஒயரிலோ கிளையிலோ மாட்டினால் தங்கூஸை அறுத்துவிடுங்கள். பையன் அழுதால் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கட்டிக் கொடுங்கள்.