கார் ஷெட்டில் நியூட்ரலை எர்த் ஆக்காதீர்கள்

மறுபடியும் அதே துண்டு வயர். பிளக் பாயின்டைக் கழற்றிப் பார்த்தால், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் திருகிலிருந்து, மண்ணுக்குப் போகும் எர்த் திருகுக்கு இரண்டு அங்குல நீளத்தில் ஒரு இணைப்பு. இந்த வருடம் இதை எத்தனை வீடுகளில் பார்த்துவிட்டேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் கெட்டிக்காரர். முன்பக்கம் திறந்து கிடந்த போர்டிகோவை விடுமுறை நாட்களில் தன் கையாலேயே கார் ஷெட் ஆக்கியிருந்தார். ஷட்டர் மட்டும் வெளி ஆள் போட்டது. பார்க்கிங் டைல், பட்டி, பெயின்ட், பிவிசி பேனல் சீலிங், கருவிகள் மாட்ட ஒரு சுவர் என மற்றதெல்லாம் அவர் வேலை, சுத்தமான வேலை. பிறகு மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார். காருடன் வந்த சார்ஜரைச் செருகினால் சிவப்பு விளக்கு, எர்த் இல்லை என்று. பழைய வீடு, போர்டிகோ பாயின்டுக்கு எர்த் வயரே இழுக்கவில்லை. ஒரு வீடியோவில் ஒருவர் ‘எளிய தீர்வு’ சொல்லியிருக்கிறார். நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்ததும் பச்சை விளக்கு வந்துவிட்டது.

சில மாதம் கழித்து, காரைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று அந்த வீட்டில் பெருக்கித் துடைக்கும் அம்மா சொல்லியிருக்கிறார். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் அவர்தான். வீட்டில் மற்ற எல்லோரும் செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லையே, உங்கள் பிரமை என்றிருக்கிறார்கள். ஷாக் அடிக்கிறது என்று யார் சொன்னாலும், தயவு செய்து, முதலில் மெயினை அணையுங்கள். அப்புறம் வாதாடலாம்.

நான் போனபோது கார் பாடிக்கும் மண்ணுக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஏசி ஓடாதபோது ஏதோ கொஞ்சம். ஏசியைப் போட்டதும் முப்பது வோல்ட்டைத் தாண்டியது. மீட்டர் பெட்டியில் நியூட்ரல் இணைப்பு கருகிப் பாதிப் பிடிப்பில் நின்றுகொண்டிருந்தது. (அந்தப் பெட்டி ஈபி சீல் வைத்தது. அதில் கை வைக்காதீர்கள், புகார் கொடுத்தால் வந்து மாற்றுவார்கள்.) மீதிப் பிடிப்பும் விட்டிருந்தால் வீட்டில் ஓடும் ஃபேன், விளக்கு, ஏசி எல்லாவற்றின் வழியாகவும் 230 வோல்ட் திரும்பி வந்து, நியூட்ரல் வயர் முழுக்க நின்றிருக்கும். அந்தத் துண்டு வயர் வழியாகக் காரின் பாடிக்கும்தான். டயர் ரப்பர், அதனால் கரண்ட் தரைக்கு இறங்க வேறு வழி கிடையாது. ஈரக் கையோடு கதவைத் திறக்கும் ஆள்தான் வழி.

இதைச் சொன்னதும் படித்தவர்களிடமிருந்து ஒரு பதில் வரும். இந்த வீட்டுக்காரரும் சொன்னார். “எப்படியும் டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலை எர்த் பண்ணித்தானே வைத்திருக்கிறார்கள்? ரெண்டும் ஒன்றுதானே?”

டிரான்ஸ்பார்மரில் ஒன்று. உங்கள் பிளக்கில் ஒன்றல்ல. இதைப் பொறுமையாகக் கேளுங்கள். நியூட்ரல் என்பது வேலை செய்யும் வயர். ஃபேஸில், அதாவது கரண்ட் வரும் வயரில், போன கரண்ட் முழுதும் அதன் வழியேதான் திரும்பிப் போகிறது. உங்கள் பிளக்கிலிருந்து டிரான்ஸ்பார்மர் வரை டிபி (வீட்டுக்குள் லைன்கள் பிரியும் பெட்டி), மெயின் சுவிட்ச், மீட்டர், கட்-அவுட், சர்வீஸ் வயர், கம்பத்தில் ஒரு முறுக்கு, அப்புறம் கம்பம் கம்பமாக லைன் என்று எத்தனை இணைப்புகள். ஒவ்வொன்றும் சூடாகலாம், துருப்பிடிக்கலாம், காற்றில் அறுந்து விழலாம். ஐப்பசி மழையில் ‘நியூட்ரல் கட்’ என்று தெருவே பேசுகிறதே, அது இதுதான். எர்த் வயர் சும்மா இருக்கும் வயர். நல்ல நாளில் அதில் கரண்டே ஓடாது, கோளாறு வந்தால் மட்டும் வேலை செய்யும். உங்கள் வீட்டு மண்ணுக்குள்ளேயே இறங்குவதால் தெருவில் என்ன அறுந்தாலும் அது அப்படியே இருக்கும். வேலை செய்கிற வயரையும் காவல் இருக்கிற வயரையும் பிளக்கில் வைத்துச் சேர்த்துவிட்டால் காவல் போய்விட்டது.

இன்னொன்றும் உண்டு. நம் ஊர் வீடுகளில் பிளக்கில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடப்பது சர்வ சாதாரணம். மாறியிருக்கும் பிளக்கில் இந்தத் துண்டு வயரைப் போட்டால், எதுவும் அறுந்து போகக் காத்திருக்க வேண்டாம். செருகிய அந்த நொடியே பாடியில் 230 வோல்ட்.

சார்ஜர் ஏன் பச்சை காட்டியது என்பார்கள். ஃபேஸுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே 230 இருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது. நியூட்ரலைக் கொண்டுவந்து அந்தப் பின்னில் வைத்தால் அதற்கு வித்தியாசம் தெரியாது. அது சிவப்பு காட்டியபோது உண்மையைச் சொன்னது. நீங்கள் அதன் வாயை அடைத்துவிட்டீர்கள். ஒரு பாயின்டில் லோடு ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரண்டு வோல்ட் வித்தியாசம் இருப்பது இயல்பு. மீட்டர் சுத்தமாகப் பூஜ்யம் காட்டினால்தான் நான் அந்த பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன்.

அடுத்தது, எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கிறதே என்ற தைரியம். எம்சிபி வயரைக் காப்பாற்றத்தான், உங்களைக் காப்பாற்ற அல்ல. 16 ஆம்பியர் சி டைப் எம்சிபி உடனே விழ வேண்டுமானால் குறைந்தது 80 ஆம்பியர் பாய வேண்டும். மனித உடம்பின் எதிர்ப்பு சுமார் ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் கால் ஆம்பியர் கூடப் பாயாது. ஆள் போய்ச் சேர அதுவே தாராளம். எம்சிபி அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமா என்று பார்த்து, வேறு எங்கோ கசிகிறது என்றால் வெட்டிவிடும். ஆனால் ஆர்சிசிபியைத் தாண்டி, பிளக் பக்கத்தில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து வைத்திருந்தால், பாடிக்குக் கசிந்த கரண்டும் நியூட்ரல் வழியே திரும்பிவிடும், கணக்கு சமமாகவே இருக்கும். ஒரு ஆள் தொட்டு, அந்த ஆள் வழியாகக் கசிந்த பிறகுதான் அதற்குத் தெரியும்.

சரி, என்ன செய்வது? பள்ளம் தோண்டி எர்த் பிட் போடுங்கள். தனி எர்த் வயர் டிபி வரை, டிபியிலிருந்து சார்ஜிங் பாயின்ட் வரை. சில ஆயிரம் ரூபாய் வேலை. அந்த பிவிசி சீலிங்குக்கு இதைவிட அதிகம் செலவாகியிருக்கும். மண் சரியில்லை, எர்த்தின் எதிர்ப்பு நூறு ஓம் இருக்கிறது என்றாலும் கோளாறு வந்தால் 2.3 ஆம்பியர் ஓடும். எம்சிபிக்கு அது தெரியாது, ஆர்சிசிபிக்கு அமோகமாகத் தெரியும். அதனால் இரண்டும் வேண்டும். நூறு ஓமோடு நின்றுவிடாதீர்கள், ஐந்துக்குள் கொண்டுவரப் பாருங்கள். ஐஎஸ் 3043 என்ற எர்த்திங் தரநூல் இருக்கிறது, அதைத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். ஓம் அளவை மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டுக் காட்டிவிட்டு எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்பவரை அனுப்பிவிடுங்கள். ஆர்சிசிபியில் டெஸ்ட் பட்டன் என்று ஒன்று உண்டு, மாதம் ஒருமுறை அமுக்குங்கள். அமுக்கியும் விழவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான்.

கார் சார்ஜர் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் தொடர்ந்து 15 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். மிக்சி, அயர்ன் பாக்ஸ் கணக்கை அதற்குப் போடாதீர்கள். டிபியிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் மில்லிமீட்டர் காப்பர் வயர், வேறெதுவும் அதில் சேரக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்துக் காரைச் சார்ஜ் செய்வதைப் பற்றி எழுதவே எனக்குப் பொறுமையில்லை. வேண்டாம்.

பேனல், சீலிங் அடிக்க டிரில் போடுகிறவர்கள்: ஸ்விட்ச் பாக்ஸுக்கு நேர் மேலும் கீழும் பைப் ஓடும், அங்கே ஓட்டை போடாதீர்கள். எங்கள் தொழிலிலேயே சிலர் குறுக்கே காடி வெட்டிப் பைப் ஓட்டியிருப்பார்கள் என்பதால் மற்ற இடத்திலும் சுவருக்குள் ஓடும் வயரைக் காட்டும் டிடெக்டர் வைத்துப் பார்த்துவிட்டே தொடங்குங்கள். ஃபேஸ் வயரைக் குத்திய ஒரு ஸ்க்ரூ போதும், சீலிங்கைத் தாங்கும் இரும்பு ஃபிரேம் முழுக்க கரண்ட் ஏற.

இன்வெர்ட்டர் பேட்டரியை மூடிய ஷெட்டில் வைத்தால் கூரைக்குப் பக்கத்தில் காற்று வெளியேற வழி விடுங்கள். சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் மேலே தங்கும். பெட்ரோல் ஆவி அதற்கு நேர்மாறு, தரையோடு தவழும். அதனால் பிளக்கை முழங்காலுக்குக் கீழே வைக்காதீர்கள், கேனில் பெட்ரோல் சேர்த்து வைக்கவே வைக்காதீர்கள். ஷட்டரை மூடிக்கொண்டு எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓட்டாதீர்கள்.

பெயின்ட், டைல், பேனல் எல்லாம் நீங்களே செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. கரண்ட் வேலைக்கு மட்டும் லைசென்ஸ் உள்ள ஒருவரை, பேனல் அடிப்பதற்கு முன்னால் கூப்பிடுங்கள். அடித்த பிறகு கூப்பிட்டால் அந்த அழகை நாங்கள்தான் உடைக்க வேண்டி வருகிறது. உங்கள் ஷெட்டில் அந்தத் துண்டு வயர் இருந்தால், அல்லது அதே வேலையைச் செய்யும் அடாப்டரைக் கடையில் வாங்கிச் செருகியிருந்தால், அந்த பிளக்கில் இன்று இரவு காரைப் போடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு அதைக் கழற்றச் சொல்லுங்கள். எர்த் பிட் போட்டு முடிக்கும் வரை வெளியில் உள்ள சார்ஜிங் ஸ்டேஷனுக்கே போய் வாருங்கள்.