புது கிட்டாரில் கீறலா? பசையைத் தொடாதீர்கள்

இந்த வாரமும் எங்களிடம் பழுதுபார்க்க ஒன்று வந்தது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கிட்டார். ஓரத்தில் அரிசியளவு பெயின்ட் பெயர்ந்திருக்கிறது. அதில் சூப்பர் குளூ ஊற்றி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். இப்போது உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு போய், ஓரத்தில் மரமே தெரிகிறது. அந்தச் சின்னப் பெயர்ப்பைச் சரிசெய்வது எளிது. இப்போதோ அந்தப் பக்கம் முழுவதும் பூச்சு போட வேண்டும்.

"நீங்களும் சூப்பர் குளூதானே போடுகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். ஆமாம், போடுகிறோம். பாலியூரித்தேன், பாலியெஸ்டர் பூச்சுள்ள கிட்டாரில், துளித் துளியாக, ஒவ்வொரு அடுக்கும் காய்ந்த பிறகு. மேடாக நிற்பதைச் சீவும்போது சுற்றியுள்ள பூச்சில் பிளேடு படாதபடி அதன் இரு முனைகளிலும் டேப் ஒட்டிக்கொள்கிறோம். கிட்டாரின் மேல்பூச்சு ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். ஓரங்களில் இன்னும் மெல்லிசு. நாலு இழுப்பு அதிகமானால் அடியில் இருக்கும் நிறமும் சேர்ந்து போய்விடும். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்றால் கதையே வேறு. சூப்பர் குளூவை எடுக்கப் பயன்படும் அசிட்டோன் அந்தப் பூச்சையும் கரைத்துவிடும். நெயில் பாலிஷிலும் அதைத் தின்னும் கரைப்பான்கள் உண்டு. நிறம் பொருந்துகிறதே என்று நெயில் பாலிஷ் எடுக்கிறவர்கள் தயவுசெய்து இதை இன்னொரு முறை படியுங்கள்.

இதைவிட மோசமானது, விரிசலில் பசை விடுவது. பூச்சில் மட்டும் விழுந்த கோடா, மரமே விண்டதா என்று பார்க்காமல் மேலே பசையைத் தடவி மூடிவிடுகிறார்கள். மரம் விண்டிருந்தால் மரப்பசை உள்ளே இறங்கி இழைகளைப் பிடிக்க வேண்டும். வாயிலேயே சூப்பர் குளூ உறைந்து கிடந்தால் அது எப்படி இறங்கும்? சுத்தமாக ஒட்டியிருக்கக்கூடிய விரிசல், இப்படி மூடப்பட்டதால் மட்டுமே பெரிய வேலையாகி வருவதைப் பார்த்து அலுத்துவிட்டது.

எனவே முதலில் பாருங்கள். விளக்கைச் சாய்வாகப் பிடித்து, விரல் நகத்தால் மெதுவாக வருடுங்கள். நகம் தட்டாத கீறலென்றால் பெரும்பாலும் மேல்பூச்சோடு சரி, பாலிஷில் போய்விடும். அகூஸ்டிக் என்றால் சவுண்ட் ஹோல் வழியே போனை விட்டு உள்பக்கத்தையும் படம் எடுங்கள். வெளியே தெரிகிற கோடு அதே இடத்தில் உள்ளேயும் தெரிந்தால் மரமே விண்டிருக்கிறது.

ஹெட்ஸ்டாக்கின் (கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதி) பின்புறம், நட்டுக்கு (தலைக்குக் கீழே கம்பிகள் தங்கும் சிறு துண்டு) நேர் பின்னால், மயிரிழைபோல ஒரு கோடு இருக்கிறதா? அங்கே மட்டும் அலட்சியம் கூடாது. பார்சலில் விழுந்த கிட்டார் முதலில் அங்கேதான் விண்டுபோகும். கம்பிகளைத் தளர்த்துங்கள். தளர்த்தினால் கோடு மூடி, முறுக்கினால் திறந்தால் மரம் போயிருக்கிறது. அதற்குமேல் முறுக்காதீர்கள், வாசிக்கவும் வேண்டாம். வாங்கிய கடையிடம் சொல்லிவிடுங்கள்.

சொல்வதை அன்றைக்கே சொல்லுங்கள். பெட்டி, உறை, அடி பட்ட இடம் எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டு அப்புறம் பேசுங்கள். பிக்கார்டு (கம்பிகளுக்குப் பக்கத்தில் உடலைக் காக்கும் தகடு) மேலிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காதீர்கள், பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். கை வைத்த கிட்டாரைத் திரும்ப எடுப்பது கடைக்காரருக்கும் கஷ்டம்.

வெறும் கீறல்தான், விலையில் குறைத்துத் தருகிறோம் என்று கடை சொன்னால்? நெக் (கழுத்து) நேராக இருக்கிறதா, ஒவ்வொரு ஃபிரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடு) கரகரப்பு இல்லாமல் ஒலிக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நான் வைத்துக்கொள்ளத்தான் சொல்வேன். பக்கவாட்டுப் பெயர்ப்பால் ஒலி மாறாது. அதைக் கொடுத்துவிட்டு மாசுமருவில்லாத, ஆனால் ஃபிரெட் சரியில்லாத ஒன்றை வாங்கி வருவது நஷ்டம். முழுப்பணம் கொடுத்தோம், மனசு உறுத்துகிறது என்றாலும் அது நியாயமே. மாற்றிக் கேளுங்கள்.

குளிரில் பயணித்து வந்த கிட்டாரை உடனே திறக்காதீர்கள். கேஸோடு ஒருநாள் அறையில் கிடக்கட்டும், இல்லையென்றால் பூச்சு வலைபோல வெடிக்கலாம். லாக்கர் பூச்சென்றால் ரப்பர் ஸ்டாண்டில் நேரடியாகச் சாய்க்க வேண்டாம், தடம் விழும். சிலிக்கோன் கலந்த பாலிஷும் வேண்டாம். பின்னால் அந்த இடத்தில் புதுப்பூச்சு பிடிக்காமல் குழிகுழியாக ஒதுங்கும்.

ஏற்கெனவே எதையாவது தடவிவிட்டீர்களா? சரி, மேலே எதுவும் செய்ய வேண்டாம். பழுதுபார்ப்பவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அந்த டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள். எதை எதனால் எடுப்பது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.