ஸ்நோடனுக்குத் தேதி குறிக்காதீர்கள்

வடக்கு வேல்ஸில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆகஸ்ட் மாதம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எங்களுக்குக் கணுக்கால் நேரம். காலையில் ஸ்நோடன் மலை ஏறப் போனவர்கள், இறங்கும்போது சறுக்கி விழுந்து வருவார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர், மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த அறுபது தாண்டிய அப்பா. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நனைந்த ஜீன்ஸ் காலோடு ஒட்டிக்கிடந்தது. ஷூவின் அடிப்பாகம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. கணுக்கால் முறிவைவிட எனக்குக் கவலை தந்தது உடல் வெப்பம்: 34.6 டிகிரி செல்சியஸ். 35-க்குக் கீழே போனாலே எங்களுக்கு அது அபாயக் கணக்கு. "குளிரெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார், பல் தந்தியடிக்க.

மகனிடம் கேட்டேன். "காலையிலேயே மேகம் இறங்கியிருந்ததே தம்பி, ஏன் போனீங்க?"

"பார்க்கிங் இன்னைக்குத்தான் புக் பண்ணியிருந்தோம் டாக்டர்."

இந்தப் பதிலை நான் பல தடவை கேட்டுவிட்டேன். மலைப்பாதை தொடங்கும் பென்-அ-பாஸில் காரை நிறுத்த, சீசனில் முன்பதிவு வேண்டும். பணம் கட்டியாயிற்று, லீவும் முடியப்போகிறது, இன்று விட்டால் எப்போது என்று மழையைப் பார்த்துக்கொண்டே ஏறிவிடுகிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், மலைக்கு மட்டும் தேதி குறிக்காதீர்கள். ஒரே ஊரில் நாலைந்து இரவு தங்குங்கள். வானிலை ஆய்வு மையம், ஸ்நோடன் இருக்கும் எரரி மலைப்பகுதிக்கென்று தனியாக முன்னறிவிப்பு தருகிறது. முந்தின நாள் மாலை அதைப் பார்த்து முடிவெடுங்கள். காரைக் கீழே விட்டுவிட்டு, மலைப்பாதைகள் தொடங்கும் இடங்களுக்குப் போகும் ஷெர்ப்பா பேருந்தில் போனால் பார்க்கிங் தொல்லையும் இல்லை.

ஸ்நோடனின் உயரம் 1,085 மீட்டர்தான். உள்ளூர்ப் பெயர் அர் வித்வா; 2022-இலிருந்து தேசியப் பூங்கா நிர்வாகமும் அப்படித்தான் அழைக்கிறது. கொடைக்கானலில் பாதி உயரம்தானே என்று நம்மவர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று நேராக இதில்தான் மோதுகிறது. பக்கத்திலுள்ள கிரிப் கோக் முகட்டில் வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கத்தி முனை போன்ற அந்த முகட்டுப் பக்கம் பழக்கமில்லாதவர்கள் போகவே வேண்டாம். லான்பெரிஸ் பாதை சுலபம் என்பார்கள். அதுவும் போகவர 14 கிலோமீட்டருக்கு மேல், ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏறிவிட்டு உச்சிக்குப் போகும் மலை ரயிலில் இறங்கிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். காற்று பலமாக இருந்தால் ரயில் உச்சிவரை வராது. வந்தாலும், கீழேயிருந்து ஏறியவர்களே திரும்பவும் உட்கார்ந்திருப்பார்கள்.

உடை விஷயத்தில் ஒன்றே ஒன்று: பருத்தி வேண்டாம். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். சட்டென்று காயும் பேன்ட், மழைக்கோட்டு, அடிப்பாகத்தில் பல் உள்ள பூட்ஸ், இவை போதும். மாட்டிக்கொண்டால் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ் என்று சொல்லி, பிறகு மலை மீட்புக் குழுவைக் கேளுங்கள். வருகிறவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள், உங்களிடமும் பணம் கேட்கமாட்டார்கள். மருத்துவமனைக் கதை வேறு. அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் கட்டணமில்லை. வார்டில் சேர்த்துவிட்டால் விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கு பில் வரும். பெற்றோருக்குப் பயணக் காப்பீடு எடுக்கும்போது மலைநடை அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள்.

சரி, மழை நாட்களில் என்ன செய்வது? கான்வி, கார்னர்வன் கோட்டைகள் இருக்கின்றன. வேல்ஸை அடக்கிவைக்க முதலாம் எட்வர்ட் கட்டியவை. (சுழல் படிகள் ஈரத்தில் வழுக்கும். அங்கிருந்தும் எனக்கு ஆள் வருகிறது!) எனக்குப் பிடித்தது ஆங்கில்சீ தீவின் கரையிலுள்ள லான்த்வின். காதலர்களின் புனிதையான த்வின்வெனின் இடிந்த தேவாலயம் அங்கே இருக்கிறது. கடல்நீர் மிகவும் ஏறினால் வழி மூழ்கிவிடும் என்பதால் கடல் ஏற்ற நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஆகஸ்ட் முதல் வாரம் வந்தால், கவிதைக்கும் இசைக்கும் போட்டி நடக்கும் தேசிய ஐஸ்டெத்வொத் விழாவைத் தவறவிடாதீர்கள். ஒரு வருடம் வடக்கில், மறு வருடம் தெற்கில் நடக்கும். மேடையில் வெல்ஷ் மொழி மட்டும்தான். மொழிபெயர்ப்புக்கு ஹெட்ஃபோன் தருவார்கள். அவர்களுடைய மரபுக் கவிதைக்கு கங்ஹானெத் என்று ஒரு ஒலிக்கட்டு உண்டு. அதன் ஒரு வகையில், அடியின் ஒரு பாதியில் வந்த மெய்யெழுத்துகள் அதே வரிசையில் மறு பாதியிலும் வரவேண்டும். எதுகை மோனையோடு வளர்ந்த நமக்கு அர்த்தம் புரியாவிட்டாலும் காது பிடித்துக்கொள்ளும்.

அந்த அப்பாவுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. கட்டுப் போட்டு, ஊன்றுகோல் கொடுத்து அனுப்பும்போது "உட்கார்ந்தே பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கா டாக்டர்?" என்று மகன் கேட்டார். அந்த வருடம் விழா வடக்கில்தான். வெள்ளிக்கிழமை, மரபுக் கவிதையில் வென்றவருக்கு நாற்காலி பரிசளிக்கும் நாற்காலி விழாவுக்குப் போகச் சொன்னேன். வென்ற கவிஞர் யாரென்று அதுவரை வெளியே தெரியாது. புனைபெயரை அழைத்ததும் கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து நிற்பார். பெரிய வாள் பாதி உருவப்பட, தலைமைப் புலவர் "அமைதி உண்டா?" என்று மூன்று முறை கேட்பார். அரங்கமே "ஹெத்துக்!" என்று பதில் சொல்லும். அமைதி என்று அர்த்தம்.

லண்டன் திரும்பும் பயணத்தை மகன் தள்ளிப்போட்டிருக்கிறார். அடுத்த வாரம் எலும்பு கிளினிக்குக்கு வந்தபோது எட்டிப் பார்த்துச் சொன்னார்: முதல் தடவை அப்பா சும்மா இருந்தாராம். மூன்றாவது தடவை, ஊன்றுகோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வரிசையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாராம்.