ஈவன்சாங்: மாலைப் பாடல் அல்ல, மாலை ஆராதனை

‘கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் மாலைப் பாடல் நிகழ்ச்சி’ என்று பயணக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே நடப்பது நிகழ்ச்சியே அல்ல. நுழைவுக் கட்டணம் கிடையாது, கைதட்டல் கிடையாது. வேதபாடம், விசுவாசப் பிரமாணம், ஜெபம் எல்லாம் உண்டு. ஆங்கிலிக்கன் திருச்சபையின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை மரபின், அந்த ஆராதனைக்குப் பெயர் ஈவன்சாங்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஆவென்’ மாலை, ‘சாங்’ பாட்டு. இந்த அளவோடு அகராதியை மூடிவிட்டு ‘மாலைப் பாடல்’ என்று எழுதிவிடுகிறார்கள். அக்காலத் துறவிகள் மற்ற ஜெப வேளைகளுக்கும் இதே ஈற்றைத்தான் வைத்தார்கள்: ஒன்பதாம் மணி ஜெபம் நோன்சாங், இரவு ஜெபம் நிஹ்ட்சாங். அந்தச் ‘சாங்’ தனி ஒரு பாட்டைக் குறிக்கவில்லை. பாடி நிறைவேற்றும் ஜெப வேளையைக் குறித்தது. ஆங்கிலிக்கன் ஆராதனை ஒழுங்குகளைத் தரும் பொது ஜெப புத்தகம் 1549இல் ஈவன்சாங் என்று தலைப்பிட்டது. 1552இல் அதே தலைப்பு ‘மாலை ஜெபம்’ என்று மாறியது. ஒழுங்கை வகுத்தவர்களே தந்த பொருள் இருக்க, நாம் ஏன் சொல்லை உடைத்துப் புதுப்பொருள் தேட வேண்டும்?

‘பெரும்பகுதி பாடத்தானே செய்கிறார்கள்?’ என்பார்கள். எப்படிப் பாடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பைபிளில் சங்கீதங்கள் எனப்படும் 150 துதிப்பாக்களும் காலை, மாலை என்று பிரித்து 30 நாளில் முடிக்கப்படுகின்றன. 15ஆம் தேதி மாலைக்கு 78ஆம் சங்கீதம். எழுபதுக்கும் மேற்பட்ட வசனங்கள். யாப்பில்லாத உரைநடை வரிகள் இவை. அதனால் ஆங்கிலிக்கன் சான்ட் (chant) என்ற, ஓதிப் பாடும் முறை வந்தது. ஒரு வசனம் இரண்டு பாதி: முதல் பாதிக்கு மூன்று இசைக்கட்டம், அடுத்ததற்கு நான்கு. ஒவ்வொரு பாதியிலும் முதல் சுரத்தில் எத்தனை அசை வந்தாலும் நின்று ஓதிவிட்டு, குறியிட்ட அசையில்தான் சுரம் மாற வேண்டும். தேறாத குழு இங்கேதான் சறுக்கும். ஓதும் சுரத்தில் அசைகளை அள்ளிக் கொட்டிவிட்டு, குறி வந்ததும் இழுத்து நிற்கும், பொருள் சிதறிப்போகும். பேச்சின் நடை முதலிலிருந்து கடைசிவரை மாறக்கூடாது. நம் விருத்தத்தில் தாளம் விலகிச் சொல்லுக்கு வழிவிடுவதைப்போல இங்கே சுரம் வழிவிடுகிறது. விருத்தம் ஒருவர் பாடுவது, இது நான்கு குரல் வகைகள் சேர்ந்து, எதிரெதிர் வரிசையில் மாறி மாறிப் பாடுவது. சொல்லுக்கு அடங்கிய இசையைப் ‘பாடல்’ என்ற தலைப்பின் கீழ் வைத்தால், வேலைக்காரனை வீட்டுக்காரனாக்கியதாகும்.

கத்தோலிக்கர் வழங்கும் ‘மாலைப்புகழ்’ நல்ல தமிழ், அழகான சொல். ஆனால் அது வெஸ்பர்ஸ் என்ற அவர்களின் மாலை ஜெப வேளைக்கு உரியது. ஈவன்சாங்கில் இரண்டு வேளைகள் ஒன்றாகின: லூக்கா நற்செய்தியில் வரும் இரண்டு கீதங்களில், மரியாளின் கீதம் வெஸ்பர்ஸிலிருந்தும், சிமியோனின் கீதம் இரவு ஜெபத்திலிருந்தும் வந்தவை. முதல் வேதபாடத்துக்குப் பின் ஒன்று, இரண்டாவதற்குப் பின் மற்றொன்று.

இந்த இரண்டு கீதங்களுக்கும் ஒருவரே சேர்த்து இசையமைத்தால் அந்த இணையைச் ‘சர்வீஸ்’ என்பார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் இசையமைப்பாளர் ஸ்டான்ஃபோர்டின் படைப்பை ‘ஜி மேஜரில் மாலைச் சேவை’ என்று எழுதுவது பேருந்துச் சேவையைத்தான் நினைவூட்டும். ‘ஸ்டான்ஃபோர்ட், மாலைக் கீதங்கள், ஜி மேஜர்’ என்றால் போதும். ஆராதனையில் பாடகர் குழு தனியே பாடும் ஆன்தம் (anthem) படும் பாடு இதைவிட மோசம். தேசிய கீதத்துக்கு ஆங்கிலத்தில் அந்தச் சொல் வருவதால், இதையும் ‘கீதம்’ ஆக்கி மரியாளின் கீதத்தோடு குழப்புகிறார்கள். ஆன்தம் என்பது ‘ஆன்டிஃபன்’ என்ற கிரேக்கச் சொல்வழி வந்தது. மூன்றாம் ஜெபத்துக்குப் பிறகு பாடகர் குழு பாடுவது. 1662இன் பொது ஜெப புத்தகமே அந்த இடத்தை ஒதுக்கியிருக்கிறது. அதை ஆன்தம் என்றே விடலாம். பிழையான தமிழைவிடத் தெளிவான கடன்சொல் மேல்.

‘ஆராதனை’ வடசொல் என்று தயங்குவோர் ‘மாலை வழிபாடு’ என்று எழுதட்டும், பொருள் கெடாது. நான் ஆராதனை என்பேன், ஏனென்றால் தமிழ்ச் சபைகளில் புழங்கும் சொல் அதுதான். இசைப் பகுதிகளைப் பாடகர் குழுவே பாடுவதைச் சுட்ட வேண்டுமானால் ‘பாடகர்குழு மாலை ஆராதனை’ எனலாம். ‘பாடல் மாலை ஆராதனை’ மட்டும் வேண்டாம்: பாமாலை என்ற கிறிஸ்தவப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துப் பாடிப் பழகியவர்களுக்கு அங்கே மாலை என்றால் தொடுத்த மாலைதான், பொழுது அல்ல.