எலி நுழையும் வழி: மதுரைக் கடைகளிலும் கிடங்குகளிலும் கண்டவை

எலித் தொல்லை என்று எங்களை அழைக்கும் கடைக்காரர்களும் உணவக உரிமையாளர்களும் முதலில் கேட்பது, என்ன மருந்து வைப்பீர்கள் என்பதைத்தான். வழி திறந்திருக்கும்வரை மருந்து ஒரு தற்காலிக ஏற்பாடே. உள்ளிருக்கும் எலிகள் செத்தாலும், அவை விட்டுப்போன இரைக்கும் இடத்துக்கும் வெளியிலிருந்து வேறு எலிகள் வந்து சேர்ந்துவிடும். பொய்க்கூரைக்குள் செத்தவை நாறத் தொடங்கும்போது அதுவே புதிய தொல்லையாகிவிடும். ஆகவே வழியைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. மதுரையில் இந்தப் பணியைச் செய்துவரும் அனுபவத்தில், அந்த வழிகளில் பெரும்பாலானவை எலி குடைந்தவை அல்ல என்று உறுதியாகச் சொல்வேன். ஏசி பொருத்த வந்தவர் செம்புக் குழாய்க்காகச் சுவரில் போட்ட துளை, இணையக் கேபிள் இழுத்தவர் அடைக்காமல் விட்ட ஓட்டை, குழாய் மாற்றிய பிளம்பர் பூசாமல் போன இடம் என்று, கட்டடம் கட்டி முடிந்தபின் வேலை பார்த்தவர்கள் திறந்துவைத்துவிட்டுப் போனவையே அதிகம்.

அந்த ஓட்டை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர், அதாவது ஒரு பென்சில் பருமன் இடைவெளி போதும். வளர்ந்துவரும் வீட்டெலிக்கு 12 மில்லிமீட்டர் போதும். மண்டை நுழைந்துவிட்டால் உடலை நெளித்து நுழைத்துவிடும். இடைவெளி சற்றுக் குறைவாக இருந்தால், வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பற்களால் ஓரத்தைக் கொறித்து அகலமாக்கிக்கொள்ளும்.

எந்த இனம் வருகிறது என்று தெரிந்தால், எங்கே தேட வேண்டும் என்பது பாதி தெளிவாகிவிடும். வீட்டெலி ஏறும் இனம்; மின்கம்பி, மரக்கிளை, மழைநீர்க் குழாய் வழியாக மேலிருந்து வரும். பெருச்சாளி தோண்டும் இனம். சாக்கடையிலிருந்தும் அடித்தளத்து மண்ணிலிருந்தும் கீழிருந்து வரும். சுண்டெலி பல நேரங்களில் சரக்கு அட்டைப் பெட்டிக்குள்ளேயே லாரியில் வந்து இறங்கிவிடும். வந்தது எலிதானா, வேறு உயிரினமா என்பதைக் கிடக்கும் எச்சத்தைப் பார்த்தே பிரித்தறியலாம். ஒரு முனையில் வெள்ளையாக இருந்தால் அது பல்லியின் எச்சம். விரலால் நசுக்கும்போது பொடியாகி, பூச்சிச் சிறகுத் துணுக்குகள் மின்னினால் அது வௌவாலுடையது. இந்த வேறுபாடு தெரியாமல், பல்லி எச்சத்துக்காக எலி மருந்து வைத்த அலுவலகங்களும் உண்டு.

தடத்தை நான் எப்போதும் உள்ளிருந்து வெளியே பின்தொடர்வேன். எலி சுவரை ஒட்டியே ஓடுவதால், அதன் உடலின் எண்ணெய்ப் பிசுக்கு ஒரே உயரத்தில் கரிய பட்டையாகப் படிந்திருக்கும். அந்தப் பட்டை எங்கே முடிகிறதோ அங்கே ஓட்டை இருக்கும். பட்டை தெரியாத இடங்களில் கோலப்பொடியே எங்கள் கருவி. கடை மூடும் நேரத்தில் சந்தேகமான மூலைகளில் மெல்லியதாகத் தூவிவிட்டுக் காலையில் பார்த்தால், முன்கால்களின் நான்கு விரல்களும் பின்கால்களின் ஐந்து விரல்களும் நடுவே வால் இழுத்த கோடும் பதிந்திருக்கும். ஓர் உணவகத்தில் கதவு, சன்னல், புகைபோக்கி என எல்லாவற்றையும் அடைத்த பின்னும் சமையலறையில் எலி குறையவில்லை. மறுநாள் காலையில் பார்த்தபோது தடங்கள் சுவரோரத்தில் தொடங்கவில்லை. பாத்திரம் துலக்கும் இடத்து நானி டிராப்பின், அதாவது தரையில் கழிவுநீர் வடியும் துளையின், வாயிலிருந்து, பொடியை ஈரமாகக் குழைத்துக்கொண்டு தொடங்கியிருந்தன. இரவு வேலை முடியும்போது, தேங்கும் தண்ணீர் சீக்கிரம் வடியட்டும் என்று அங்கே வேலை செய்யும் பெண்கள் சல்லடை மூடியை எடுத்து ஓரமாக வைத்துவிடுவது வழக்கம். சோற்றுப் பருக்கை அடைக்காதபடி கம்பி வலைக்கூடை ஒன்றைச் செய்து உள்ளே பொருத்தியதும், மூடியை எடுக்கும் தேவையே இல்லாமல் போனது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நின்று வேலை செய்பவர்களுக்கு, காலில் சிறு வெடிப்பு இருந்தால்கூட எலிக் காய்ச்சல் தொற்றலாம் என்பதால், இது சுத்தம் சார்ந்த பிரச்சினை மட்டுமன்று.

கீழமாசி வீதி போன்ற பழைய வணிகத் தெருக்களில் வேறு விதமான சிக்கல் உண்டு. அடுத்தடுத்த கடைகள் ஒரே பொதுச்சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில், மர உத்தரம் சுவருக்குள் செருகியிருக்கும் இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் காரை உதிர்ந்து இடைவெளி விழுந்திருக்கும். பருப்புக் கடையில் எவ்வளவு அடைத்தாலும் பக்கத்துக் கடையின் பரணிலிருந்து எலி வந்துகொண்டிருக்கும். இரண்டு உரிமையாளர்களும் சேர்ந்து செய்தாலொழிய இதற்குத் தீர்வில்லை. கப்பலூர்த் தொழிற்பேட்டை போன்ற இடங்களில், நெளிவுத் தகரக் கூரை சுவரின் மேல் உட்காரும் இடத்தில் ஒவ்வொரு நெளிவும் ஒரு வாசலாகிவிடுகிறது. பகலில் விளக்குகளை அணைத்துவிட்டு உள்ளே நின்று பார்த்தால், ஷட்டரின் இரு கீழ்மூலைகளிலும் கூரை விளிம்பிலும் வெளிச்சம் கசிவது தெரியும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வளைகளில் நீர் புகுவதால் பெருச்சாளிகள் மேடான கட்டடங்களை நாடும். பெரியாறு பாசனத்து வயல்களில் அறுப்பு முடிந்தபின் வயலெலிகள் அருகிலுள்ள அரிசி ஆலைகளையும் நெல் கிடங்குகளையும் நோக்கி நகரும். எனவே மழைக்கு முன்பே செப்டம்பரில் ஒரு முறையும், அறுப்புக்கு முன் ஒரு முறையும் கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பது நல்லது.

பொய்க்கூரையில் இரவு கேட்கும் காலடி கனமாக இருந்தால், அது எலியாக இருக்க வாய்ப்பில்லை. நாகமலை, அழகர்கோவில் சாலைப் பகுதிகளில் மரங்கள் சூழ்ந்த கட்டடங்களுக்கு மரநாய் வருவதுண்டு. பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் மாடியில் கிடந்தால் ஐயமே வேண்டாம். மரநாயும், எலியைத் தேடி உள்ளே வரும் சாரைப்பாம்பும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. பிடிப்பதும் கொல்வதும் குற்றம். வனத்துறைக்கோ, பாம்பென்றால் தீயணைப்புத் துறைக்கோ சொல்ல வேண்டும். உள்ளே குட்டிகள் இருக்கின்றனவா என்று பார்க்காமல் ஓட்டையை அடைப்பது மிகக் கொடிய செயல்; தாய் வெளியே தவிக்க, குட்டிகள் உள்ளே பட்டினியால் சாகும். குட்டிகள் வளர்ந்து தாயோடு வெளியேறும்வரை காத்திருந்து, கூரையைத் தொடும் கிளையை வெட்டிய பிறகே அடைக்க வேண்டும்.

அடைக்கும் பொருளில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஃபோம், தெர்மாகோல், துணி, பிளாஸ்டிக் ஆகிய எல்லாவற்றையும் எலி கொறித்துவிடும். 6 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி வலையை வைத்து மேலே சிமென்ட் பூச வேண்டும். கதவடியில் உலோகப் பட்டை அடிக்க வேண்டும். இனிமேல் ஏசிக்காரரோ கேபிள்காரரோ சுவரைத் துளைக்க வந்தால், துளையைச் சுற்றி அடைத்துக் கொடுப்பதும் அந்த வேலையில் சேர்ந்தது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அடைத்ததைக் கண்ணால் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.