லைட்டர் இறக்குமதித் தடை: 20 ரூபா கோடு எதுக்குப் போட்டாங்க, ஓட்டை எங்க இருக்கு

லைட்டருக்குத் தடை போட்டாச்சுன்னு 2023லயே சொன்னாங்களே, பெட்டிக்கடையில இன்னும் கலர் கலரா அடுக்கி வெச்சிருக்காங்களே, அப்ப அந்தத் தடை என்னதான் ஆச்சுன்னு தீப்பெட்டித் தொழிலை நம்பி இருக்கிற கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் நிறைய பேர் கேக்குறாங்க. மலிவு வெளிநாட்டு லைட்டர் தீப்பெட்டி வியாபாரத்தைக் கெடுக்குதுன்னுதான் அந்தத் தடையையே கேட்டு வாங்குனாங்க. நியாயமான கேள்விதான். ஆனா இதுல பாதிக்குழப்பம் எதுக்குத் தடை, எதுக்குத் தடை இல்லங்கிறதுலயே வருது, அதனால ஆரம்பத்துலேந்து சொல்றேன்.

2023 ஜூன் 29 அன்னிக்கு டிஜிஎஃப்டி, அதாவது மத்திய வர்த்தக அமைச்சகத்துக்குக் கீழ இருக்கிற வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம், ஒரு அறிவிக்கை போட்டாங்க. அதுவரைக்கும் சிகரெட் லைட்டரை யார் வேணும்னாலும் இறக்குமதி பண்ணலாம்னு இருந்ததை 'தடை செய்யப்பட்டது'ன்னு மாத்திட்டாங்க. கேஸ் தீந்ததும் தூக்கிப் போடுற லைட்டர், திரும்ப கேஸ் நிரப்புற லைட்டர் ரெண்டும் இதுல வரும். கூடவே ஒரு விலக்கு, ஒரு லைட்டரோட சிஐஎஃப் மதிப்பு 20 ரூபாயோ அதுக்கு மேலயோ இருந்தா தாராளமா கொண்டு வரலாம். சிஐஎஃப்னா கடையில விக்கிற விலை கிடையாது, சரக்கோட விலை, அதை நம்ம துறைமுகம் வரைக்கும் கொண்டு வர கப்பல் கூலி, அந்தப் பயணத்துக்கு இன்சூரன்ஸ், இது மூணும் சேர்ந்த தொகை. அதுக்கு மேல சுங்கவரி, ஜிஎஸ்டி, மொத்த வியாபாரி லாபம், கடைக்காரர் லாபம் எல்லாம் ஏறும்.

அதனால முறைப்படி வந்த வெளிநாட்டு லைட்டர் எதுவும் கடையில 10 ரூபாய்க்குக் கிடைக்க வாய்ப்பே இல்ல. அந்த விலைக்குக் கிடைக்குதுன்னா ஒண்ணு அது இங்கயே செஞ்சதா இருக்கணும், இல்ல பழைய ஸ்டாக்கு, இல்லன்னா திருட்டுத்தனமா வந்த சரக்கு.

வரியை ஏத்தினா போதாதா, எதுக்குத் தடைன்னு கேக்கலாம். இங்கதான் விஷயமே இருக்கு. சுங்கவரி சதவீதக் கணக்குல போடுறது, 4 ரூபா லைட்டருக்கு 50 சதவீதம் வரி போட்டாக்கூட 2 ரூபாதான் ஏறும், அதையும் கட்ட மனசில்லாம பில்லுல விலையைக் குறைச்சுக் காட்டுவாங்க, 4 ரூபா சரக்கை 2 ரூபான்னு எழுதுனா வரி பாதியாயிடும், கன்டெய்னர் கன்டெய்னரா வர்ற பொருள்ல ஒவ்வொரு பில்லையும் நோண்டிப் பாக்க எந்த ஆபீசரால முடியும். விலைக் கோடு போட்டதும் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாயிடுது. விலையைக் குறைச்சுக் காட்டுனா சரக்கே தடைப்பட்ட சரக்கு ஆயிடும், பறிமுதல் பண்ணுவாங்க. சரின்னு 20 ரூபான்னு கூட்டிக் காட்டுனா அந்த 20 ரூபாய்க்கும் சேர்த்து வரி கட்டணும், அப்புறம் 10 ரூபாய்க்கு எப்படி விப்பீங்க? மலிவுச் சரக்கு வெள்ளமா வர்றதை நிறுத்தணும்னா சதவீத வரியைவிட இது ரொம்ப கூர்மையான ஆயுதம். என்னைக் கேட்டா இந்த அறிவிக்கையில நல்லா யோசிச்சு எழுதின விஷயம் அந்த 20 ரூபாதான்.

வரி போட்டுத் தொழிலை இங்க கொண்டு வர்றது நம்ம தீப்பெட்டிக்குப் புதுசும் இல்ல. நூறு வருஷம் முன்னாடி இந்தியாவுல எரிஞ்ச தீக்குச்சியில பெரும்பகுதி ஜப்பான்லேந்தும் ஸ்வீடன்லேந்தும் கப்பல்ல வந்ததுதான். 1922ல பிரிட்டிஷ் அரசாங்கம் கஜானாவுக்குப் பணம் வேணும்னு வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபா வரி போட்டுச்சு. சரக்கோட விலையைவிட வரி அதிகம். தொழிலை வளக்கணும்னு போட்ட வரி இல்ல அது, ஆனா அதான் நடந்துச்சு. சிவகாசியிலேந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கத்துக்கிட்டு வந்து ஊர்ல ஆரம்பிச்சதும் அதே காலகட்டம்தான். இன்னொரு பக்கம், வரியைத் தாண்ட முடியாத ஸ்வீடன் கம்பெனி 1923ல விம்கோன்னு இங்கயே கம்பெனி ஆரம்பிச்சு ஃபேக்டரி கட்டிடுச்சு. 1928ல அந்த வரியை உள்நாட்டுத் தொழில் பாதுகாப்பு வரின்னே மாத்துனாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் கையால செய்யுற சின்ன யூனிட்டுக்குக் கலால் வரி கம்மி, பெரிய மிஷின் கம்பெனிக்கு அதிகம்னு வெச்சதாலதான் கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், சாத்தூர், குடியாத்தம்னு இத்தனை ஊர்ல இது குடும்பத் தொழிலா நின்னுச்சு. தானா மழை பெய்ஞ்சு முளைச்ச தொழில் மாதிரி சிலர் பேசுறாங்க, அப்படிக் கிடையாது, ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு வரிக் கொள்கை பின்னாடி நின்னுருக்கு.

இப்ப வந்த அடி எப்படின்னா, ஒரு 10 ரூபா லைட்டர் ஏறக்குறைய 20 தீப்பெட்டியோட வேலையைச் செஞ்சிடுது. 2022 செப்டம்பர்ல முதல்வர் ஸ்டாலின் ஒன்றிய வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயலுக்கு எழுதின கடிதத்துல இந்தக் கணக்கைத்தான் சொல்லியிருந்தாரு, ஒரு லட்சம் பேருக்கு மேல வேலை பாக்குற தொழில், பெரும்பாலும் பெண்கள், வேற தொழில் இல்லாத வறண்ட பூமின்னு. அந்த நேரம் தீப்பெட்டிக்காரங்க ஏற்கனவே நொந்து போய்த்தான் இருந்தாங்க. சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டை, குளோரேட்டு எல்லாம் விலை ஏறி, 14 வருஷமா 1 ரூபாயா இருந்த பெட்டியை 2021 டிசம்பர் 1லேந்து 2 ரூபாயாக்கினாங்க. நீங்க விலையை ஏத்துன அதே சமயம் பக்கத்துல ஒருத்தன் 10 ரூபாய்க்கு லைட்டர் வெச்சா ஜனங்க எதை எடுப்பாங்க?

தடை வந்ததும் ஊர்ல பட்டாசு வெடிச்சுக் கொண்டாடாத குறைதான். ஆனா வியாபாரிங்க மூளை சும்மா இருக்குமா. அறிவிக்கையில இருந்தது முழு லைட்டர் மட்டும்தான், உதிரிப்பாகம் இல்ல. பிளாஸ்டிக் பாடி, சக்கரம், சின்ன ஸ்பிரிங், மேல இருக்கிற தகடு, வால்வு எல்லாம் தனித்தனியா வந்து இறங்குச்சு, இங்க ஒரு ஷெட்டுல வெச்சு மாட்டி, கேஸ் அடைச்சு, லேபிள் ஒட்டுனா உள்நாட்டுத் தயாரிப்பு! தீப்பெட்டி உற்பத்தியாளர் சங்கங்கள் ஒரு வருஷத்துக்கு மேல டெல்லிக்கு அலைஞ்சு மனு குடுத்து, 2024 அக்டோபர்ல லைட்டர் உதிரிப்பாக இறக்குமதியையும் டிஜிஎஃப்டி தடை பண்ணுச்சு. உள்நாட்டுல செய்யுறதை ஊக்குவிக்கணும்னு வர்ற எந்தத் திட்டத்துலயும் முதல்ல பாக்க வேண்டியது இதைத்தான், முழுப்பொருளை மட்டும் தடுத்துட்டு பாகத்தை விட்டா இங்க வர்றது ஃபேக்டரி இல்ல, ஸ்குரூ முடுக்குற ஷெட்டுதான்.

மூணாவதா ஒண்ணு இருக்கு, பலருக்கும் தெரியாதது. 2023லயே லைட்டருக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணைன்னு தனியா போட்டாங்க. அதுப்படி இங்க செஞ்சாலும் சரி, வெளிநாட்டுல செஞ்சு கொண்டு வந்தாலும் சரி, பொருளோட தரத்தைச் சரிபாக்குற மத்திய அரசு அமைப்பான பிஐஎஸ்கிட்ட லைசென்ஸ் வாங்கி ஐஎஸ்ஐ முத்திரை போடணும். அளவுக்கு மேல உயரமா எரியக்கூடாது, கீழ விழுந்தா உடைஞ்சு கேஸ் கசியக்கூடாது, சூட்டைத் தாங்கணும்னு சோதனை எல்லாம் உண்டு. வெயில்ல நிக்கிற கார் டேஷ்போர்டுல வெச்ச மட்ட லைட்டர் வெடிக்கும்ங்கிறப்ப இது வெறும் வியாபாரச் சண்டை மட்டும் இல்லைன்னு புரியும்.

அப்ப கடைக்காரர் லைட்டர் வித்தா குத்தமா? இறக்குமதிக்குத்தான் தடை, லைட்டர்ங்கிற பொருளை விக்கவே கூடாதுன்னு இந்த அறிவிக்கை சொல்லல. முறையா இங்க செஞ்சு ஐஎஸ்ஐ முத்திரையோட வந்ததை பில்லோட வாங்கி விக்கிறவர் பயப்பட வேண்டாம். முத்திரை இல்லாத சரக்கு, பில் இல்லாத சரக்கு, அதுலதான் சிக்கல். தடையை மீறி வந்த சரக்கை சுங்கச் சட்டம் 111வது பிரிவுல பறிமுதல் பண்ணலாம், 112ல அபராதம் போடலாம். கொண்டு வந்தவனோட அது நிக்காது, பறிமுதல் ஆகக்கூடிய சரக்குன்னு தெரிஞ்சே வாங்கி வெச்சிருக்கிறவர், விக்கிறவர் மேலயும் அபராதம் வரலாம். தூத்துக்குடி துறைமுகத்துலயே வேற சரக்குன்னு பொய் சொல்லி வந்த கன்டெய்னர்ல சீன லைட்டர் பிடிபட்டிருக்கு. தீப்பெட்டி ஊருக்குப் பக்கத்துத் துறைமுகத்துலயே இப்படின்னா மத்த இடத்துல எவ்வளவு நுழையும்னு நினைச்சா வயிறு எரியுது.

எனக்கு இந்தத் தடை சரின்னுதான் படுது, முழு மனசோட ஆதரிக்கிறேன். ஆனா தடை யாருக்காகன்னு கேட்டு வாங்கினோமோ அவங்களுக்குப் போய்ச் சேரணும். பாதி மிஷின், பாதி கைவேலையா ஓடுற தீப்பெட்டி ஆலைகள்ல குச்சியை எடுத்துப் பெட்டியில அடைக்கிறது இன்னும் பெண்கள் கைதான், எண்ணவே மாட்டாங்க, ஒரு கைப்பிடி எடுத்தா சரியான அளவு வந்துடும், அடைச்சு, மூடி, அடுத்ததுன்னு கை போய்க்கிட்டே இருக்கும், கூலி பெட்டிக் கணக்குல. இறக்குமதியைத் தடுத்ததால ஆர்டர் கூடுதுன்னா அந்தப் பெட்டிக்கூலி கூடணும், பிஎஃப், இஎஸ்ஐ ஒழுங்கா கட்டணும், தீ விபத்துப் பாதுகாப்பு இருக்கணும். ஒரு லட்சம் தொழிலாளின்னு மனுவுல எழுதுறப்ப ஞாபகம் வர்றவங்க கூலி பேசுறப்பவும் ஞாபகத்துல இருக்கணும். அரசாங்கமும் தடை போட்டா கடமை முடிஞ்சுதுன்னு விடக்கூடாது, மூலப்பொருள் விலைக்கும் ஏற்றுமதிக்கும் கை குடுக்கணும்.

லைட்டர் வாங்குறவங்க, விக்கிறவங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. ஐஎஸ்ஐ முத்திரை இருந்தா அதோட சிஎம்/எல்னு ஆரம்பிக்கிற லைசென்ஸ் நம்பர் போட்டிருக்கணும். பிஐஎஸ் கேர்னு ஃபோன் ஆப் இருக்கு, அதுல அந்த நம்பரை அடிச்சா எந்தக் கம்பெனி, எந்த ஊர், எந்தப் பொருளுக்கு லைசென்ஸ்னு வந்துடும், பொருள் பேரு லைட்டர்னு இல்லாம வேற ஏதோ வந்தா முத்திரை போலி. புகாரையும் அதே ஆப்புலயே போடலாம், போட்டோ எடுத்து, கடை பில் இருந்தா அதையும் சேர்த்து அனுப்புங்க.