"நல்லாத் தூங்குறாக" என்று சொல்வதற்கு முன்

ஆபரேஷன் முடிந்தவரைப் பார்க்க உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் சொந்தபந்தம் வந்து நிற்கும். கட்டிலோரம் இருப்பவர், "இப்பத்தான் அசந்தாக, எழுப்பாதீக" என்பார். மயக்க மருத்துவர்களான எங்களுக்கு அதிகம் கவலை தருவது இந்தச் சொல்தான். மயக்க மருந்து முழுதாக இறங்காத முதல் சில மணி நேரத்தில் தூக்கமும் ஆபத்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

முதலில் குறட்டை. முழு மயக்கத்துக்குப் பிறகு தசைகள் தளர்ந்திருப்பதால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையைப் பாதி அடைக்கும். அந்தச் சத்தத்தைத்தான் அசந்த தூக்கம் என்று நினைத்துவிடுகிறோம். அது திடீரென நின்று, நெஞ்சு உள்ளே இழுத்து வயிறு மட்டும் மேலெழும்பினால், பாதை முழுதாக அடைத்துவிட்டது என்று பொருள். நர்ஸை உரக்கக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள், கழுத்தில் ஆபரேஷனோ அடியோ இல்லாதவர் என்றால், ஒரு கையை நெற்றியில் வைத்துத் தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, மறு கை விரல்களால் மோவாய் எலும்பை மேலே தூக்குங்கள். பல நேரம் அந்த நொடியே காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

இன்னொரு ஆபத்தில் சத்தமே இருக்காது. மார்ஃபின், ஃபென்டனில் போன்ற வலி ஊசிகள் மூச்சின் வேகத்தையே குறைத்துவிடும். வயிறு எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்கலாம். 10-க்குக் கீழே போனால் நர்ஸிடம் சொல்ல வேண்டும்; 8-ஐத் தொட்டால் அது அவசரம். இந்த ஊசிகளின் வேலையை முறிக்கும் நலாக்ஸோன் என்ற மருந்து சட்டென எழுப்பிவிடும். ஆனால் மார்ஃபினின் வேலை முடிவதற்கு முன்பே அதன் வேலை முடிந்துவிடும் என்பதால் நோயாளி மறுபடி மயங்கலாம். கண் விழித்துவிட்டாரே என்று கூட இருப்பவர் எழுந்து போகக் கூடாத நேரம் அது.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் விரல் கிளிப்பில் 98 என்று காட்டுகிறதே என்பீர்கள். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் இருந்தால் மூச்சு குறைந்த பிறகும் அந்த எண் நல்லபடியாகவே நிற்கும். அதனால் எண்ணைப் பார்ப்பதோடு மூச்சையும் எண்ண வேண்டும். மாஸ்க் இல்லாமல் 94-க்குக் கீழே இருந்தால் சொல்லுங்கள். 90-க்குக் கீழே காத்திருக்கவே வேண்டாம். நகச்சாயம், கருக்கச் சிவந்த மருதாணி, ஏசியில் சில்லிட்ட விரல் இவையெல்லாம் அளவைத் தவறாகக் காட்டலாம். கல்யாண வீட்டுக்குப் போய்வந்த கையோடு ஆபரேஷனுக்கு வருபவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் கிளிப்பை காது மடலில் மாட்டுவோம்.

அனத்திக்கொண்டு புரளுகிறார் என்றதும் தூக்க ஊசி கேட்காதீர்கள். ஆக்ஸிஜன் குறைந்தாலும், உள்ளுக்குள் ரத்தம் கசிந்தாலும் முதலில் வருவது இந்தத் தவிப்புதான். ரத்தம் போகும்போது நாடித்துடிப்புதான் முதலில் ஏறும். இளம் வயதினருக்கு உடம்பிலுள்ள ரத்தத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் இழக்கும்வரை பிரஷர் தாக்குப்பிடிக்கலாம். ஆகவே பிரஷர் நார்மல் என்பது மட்டும் போதாது. குளிர்ந்த வியர்வை, வெளுத்த உதடு, அடங்காத தாகம் ஆகியவற்றைக் கவனியுங்கள். சிசேரியன் ஆன தாய் தூங்கினாலும் போர்வையை விலக்கி இடுப்புக்குக் கீழே பார்க்க வேண்டும். ரத்தம் முதுகுப் பக்கம் ஓடித் தேங்கும், மேலே தெரியாது. கால் மணி நேரத்தில் ஒரு பேட் முழுதாக நனைந்தால் அது சாதாரணப் போக்கு இல்லை. யூரின் பையையும் பாருங்கள்: 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

டான்சில் எடுத்த குழந்தை தூக்கத்திலேயே அடிக்கடி விழுங்கினால் தொண்டையில் ரத்தம் கசிவதாக இருக்கலாம். தைராய்டு ஆபரேஷனுக்குப் பின் கழுத்து இறுகி வீங்கிக் குரல் மாறினால் சில நிமிடங்களிலேயே மூச்சு அடைபடலாம்.

முதுகில் ஊசி போட்டவர்களுக்கு வழக்கமாக 2 முதல் 4 மணி நேரத்தில் கால் அசையத் தொடங்கும். அதற்குப் பிறகும் தூக்க முடியவில்லை என்றாலோ, சரியான கால் மறுபடி மரத்து முதுகு வலித்தாலோ தண்டுவடத்தை ரத்தக்கட்டு அழுத்துகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். அரிதுதான், ஆனால் விடியட்டும் என்று விட்டால் கால் திரும்பாமலே போகலாம். தலையணை இல்லாமல் படுத்தால் தலைவலி வராது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. உட்கார்ந்தால் வலித்து, படுத்தால் குறையும் தலைவலியை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகும் சில விஷயங்கள் மிச்சம். முதல் 24 மணி நேரம் மதுவோ, டாக்டர் எழுதாத தூக்க மாத்திரையோ கூடாது. டூவீலர் ஓட்டவும் வேண்டாம். ஏற்கெனவே தூக்கத்தில் மூச்சு நின்று திணறும் பழக்கம் உள்ளவர் தனியாகப் படுக்கக் கூடாது. டான்சில் ரத்தக்கசிவு 5 முதல் 10 நாள் கழித்தும் வரும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, பேரையூர் பக்கமிருந்து மதுரை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். என்ன ஆபரேஷன், ஆகி எத்தனை நாள், முழு மயக்கமா முதுகு ஊசியா என்பதை முதலிலேயே சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரை அட்டையையும் ஒரே பையில் போட்டு, கூடப் போகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.